நானோ வைட்டமின் டி திரவம்: கூடுதல் விலைக்கு ஏற்ற பயன் யாருக்குக் கிடைக்கிறது?

வைட்டமின் டி குறைவு என்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டை மருந்துக் கடையில் நீட்டினால், முன்பெல்லாம் ஜெலட்டின் கேப்சூல்கள் அடங்கிய அட்டையோ, பாலில் கலந்து குடிக்கும் பொடிப் பாக்கெட்டோதான் கிடைக்கும். சில ஆண்டுகளாக அவற்றுக்குப் பக்கத்திலேயே 5 மி.லி. அளவுள்ள சிறு புட்டிகளும் இடம்பிடித்துவிட்டன. ஒவ்வொரு புட்டியிலும் 60,000 யூனிட் கோலிகால்சிஃபெரால், அதாவது வைட்டமின் டி3, எண்ணெய்ப் பசை தெரியாத திரவமாக அடைக்கப்பட்டிருக்கிறது. பெட்டியின் முகப்பில் ‘நானோ’ என்ற சொல் தவறாமல் கண்ணில் படுகிறது. அராக்கிடால் நானோவும் டெபியூராவும் இவ்வகையில் பலர் அறிந்த பெயர்கள். வேறு பல நிறுவனங்களும் இதே வடிவில் விற்கின்றன. நான் இங்கே மதிப்பிடுவது ஒரு நிறுவனத்தின் சரக்கை அன்று, இந்த வடிவத்தை. சாதாரண கேப்சூலை விட்டுவிட்டு இதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா என்பதே கேள்வி.

எங்கள் வீட்டில் இரண்டு வடிவங்களும் பயன்பட்டன. தந்தைக்குச் செரிமானக் குறை எதுவும் இல்லை. அவருக்குக் கேப்சூல் எழுதப்பட்டது. தாயாருக்கு நாட்பட்ட கணைய அழற்சி உண்டு. தென்னிந்தியாவில் இந்த நோய் அரிதன்று. கணையத்தில் கற்கள் சேர்ந்து, செரிமான நொதிகள் குறைந்து, உண்ணும் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலேயே வெளியேறிவிடும். அவருக்கும் முதலில் கேப்சூல்தான் தரப்பட்டது. மறுபரிசோதனையில் அளவு எதிர்பார்த்தபடி உயராததால், மருத்துவர் நானோ திரவத்துக்கு மாற்றினார். ஒரே மருந்து, ஒரே அளவு, இரண்டு வேறுபட்ட உடல்கள் என்ற நிலையில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

புட்டியின் மூடியைத் திருகினால் உட்புற முத்திரை உடைகிறது. அப்படியே வாயில் ஊற்றிக்கொள்ளலாம். அளவுக் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டியதில்லை. பழ வாசனையோடு நல்ல இனிப்பு, அதன் பிறகு நாக்கின் அடியில் இலேசான கசப்பு. சர்க்கரை நோயும் உள்ள என் தாயாருக்கு, நாங்கள் வாங்கியது சர்க்கரை சேர்க்காத தயாரிப்பு என்பது முக்கியமாக இருந்தது. மாத்திரை விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதுமான காரணம் என்று நினைக்கிறேன். சைவ உணவுக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: மென்மையான கேப்சூலின் கூடு பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனது, திரவத்தில் அந்தக் கூடு இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் டி3 பொதுவாகச் செம்மறியாட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து தயாரிக்கப்படுவதால், முழுமையான தாவர மூலம் தேடுபவர்கள் பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன் என்னும் உயிரியிலிருந்து பெறப்பட்டது என்ற குறிப்பு உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.

இனி, ‘நானோ’ என்ற சொல்லின் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். வைட்டமின் ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை, நீரில் கரையா. நம் சிறுகுடலோ நீர் நிறைந்த இடம். ஆகவே, விழுங்கிய எண்ணெய்த் துளியைப் பித்தநீர் சிதற வைக்க, கணைய நொதி உடைக்க, அவற்றிலிருந்து மிசெல் எனப்படும் மிக நுண்ணிய திரள்கள் உருவாகி, அவை வைட்டமினைச் சுமந்துகொண்டு குடல் சுவரை அடைந்தால்தான் அது உடலுக்குள் நுழைய முடியும். நுழைந்த பிறகு பெரும்பகுதி நிணநீர் வழியாக இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றம் பெற்று, செயலாற்றும் வடிவத்தை அடைகிறது. இந்த நீண்ட பாதையில் பலருக்கும் தடை ஏற்படுவது முதல் கட்டத்தில்தான். பித்தநீர் குறைந்தாலும், கணையம் சோர்ந்தாலும், குடல் சுவர் பழுதுபட்டாலும், விழுங்கிய கேப்சூல் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் அதன் பயன் குறைந்துவிடுகிறது.

நானோ தயாரிப்பில், குடல் செய்ய வேண்டிய சிதறடிக்கும் வேலையில் ஒரு பகுதியைத் தொழிற்சாலையே செய்து முடித்துவிடுகிறது. வைட்டமின் கரைந்த எண்ணெயை நீரோடு சேர்த்து, மிக உயர்ந்த அழுத்தத்தில் நுண்ணிய இடைவெளி வழியே செலுத்தியோ, மீயொலி அலைகளால் சிதறடித்தோ, சில நூறு நானோமீட்டருக்கும் குறைவான துளிகளாக ஆக்குகிறார்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல் இருக்க லெசித்தின், பாலிசார்பேட் 80 போன்ற, எண்ணெயோடும் நீரோடும் ஒரே நேரத்தில் ஒட்டக்கூடிய பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஒரு துளியின் விட்டத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால், அதே அளவு எண்ணெயின் மொத்த மேற்பரப்பு நூறு மடங்கு ஆகிறது. நொதி செயல்படும் இடமும் அவ்வளவு பெருகுகிறது. துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் போதிய அளவு சிறியவையாகும்போது திரவம் பால் போல் வெளுக்காமல் ஏறக்குறையக் கண்ணாடி போலத் தெரிகிறது. எண்ணெய் கலந்த மருந்து இவ்வளவு தெளிவாக இருப்பது பலருக்கும் வியப்பளிக்கும். இதில் மறைவித்தை ஏதும் இல்லை.

இது உண்மையிலேயே உடலில் கூடுதலாகச் சேர்கிறதா என்பதற்கு ஆய்வுகள் தரும் விடை ஊக்கமளிப்பதுதான், ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு உறுதியானதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்குச் சாதாரணப் பால்மமாக, அதாவது எண்ணெய்த் துளிகள் நீரில் சிதறிய கலவையாக, கொடுத்தபோது இரத்தத்தில் வைட்டமின் டி அளவு 36 சதவீதமும், நானோ பால்மமாகக் கொடுத்தபோது 73 சதவீதமும் உயர்ந்தது. வட இந்தியப் பள்ளிக் குழந்தைகளிடையே மாதம் ஒருமுறை 60,000 யூனிட் என்ற அளவில் நடத்தப்பட்ட ஆய்வொன்றிலும், கொழுப்பில் கரையும் வடிவத்தைவிட மிசெல் வடிவம் அளவை அதிகம் உயர்த்தியது. ஆனால் எலி மனிதர் அன்று. இரத்த அளவு உயர்வதும் எலும்பு வலுப்படுவதும் ஒன்றன்று. நானோ வடிவத்தால் எலும்பு முறிவு குறைந்தது என்று காட்டும் பெரிய மனித ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. வைட்டமின் டி-யைப் பொதுவாக எடுத்துக்கொண்டாலும், அமெரிக்காவில் 25,871 பேரிடம் நாள்தோறும் 2,000 யூனிட் கொடுத்து நடத்திய வைட்டல் ஆய்வின் எலும்பு முறிவு முடிவுகள் 2022-ல் வெளிவந்தபோது, குறைவு இருக்கிறதா என்று பார்க்காமலேயே பொதுவாக எல்லோருக்கும் கொடுப்பதால் முறிவுகள் குறையவில்லை என்றே தெரிந்தது. ஆகவே எந்த வடிவில் வாங்கினாலும், குறைபாடு உள்ளவருக்கே இதன் பயன் தெளிவாக இருக்கிறது.

விளம்பரங்களில் இடம்பெறாத, ஆனால் வாங்குபவர் அறிய வேண்டிய இன்னொரு ஆய்வும் உண்டு. 2015-ல் வெளிவந்த அதில், 50,000 யூனிட் கொண்ட ஒரே வேளை மருந்தைக் கொழுப்பு உள்ள உணவோடு உட்கொண்டவர்களுக்கு, கொழுப்பே இல்லாத உணவோடு உட்கொண்டவர்களைவிட, இரத்தத்தில் டி3-ன் உச்ச அளவு 32 சதவீதம் அதிகமாக இருந்தது. என் தந்தைக்குக் கேப்சூலை எழுதிய மருத்துவர், வெறும் வயிற்றில் காபியோடு விழுங்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளச் சொன்னது இதனால்தான். நெய்யோ நல்லெண்ணெயோ சேர்ந்த ஒரு சாதாரண சாப்பாடு, செரிமானம் சீராக உள்ளவருக்கு, நானோ தொழில்நுட்பம் தரும் உதவியில் கணிசமான பகுதியைச் செலவே இல்லாமல் தந்துவிடுகிறது. தந்தையின் அளவு அந்தக் கேப்சூலாலேயே, மருத்துவர் எதிர்பார்த்த காலத்துக்குள், போதுமான எல்லைக்கு வந்துவிட்டது. அவருக்கு நானோ திரவம் வாங்கியிருந்தால் அது வீண் செலவாகவே இருந்திருக்கும்.

தாயாரின் நிலை வேறு. திரவத்துக்கு மாறிய பின் எடுத்த பரிசோதனையில் அவருடைய அளவு முதன்முறையாக மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைக் கடந்தது. அதற்குக் கீழே இருப்பதையே பெரும்பாலான மருத்துவ அமைப்புகள் குறைபாடு என்று கொள்கின்றன. இதை முழுவதும் திரவத்தின் வெற்றி என்று சொல்லிவிட எனக்கு மனம் இல்லை. அதே காலத்தில்தான் சாப்பாட்டோடு விழுங்கும் கணைய நொதி மாத்திரையின் அளவையும் மருத்துவர் கூட்டினார். கொழுப்புச் செரிமானம் அதனாலும் மேம்பட்டிருக்கும். ஆனாலும், பித்தநீர் ஓட்டம் தடைபட்ட கல்லீரல் நோய், குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய், கிரோன் நோய், கணைய நோய் உள்ளவர்களுக்கும், உடல் பருமனுக்காகக் குடல் மாற்றுப்பாதை (பைபாஸ்) அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இவ்வடிவம் பொருந்தும் என்பதற்கு உடலியல் அடிப்படையே வலுவான காரணமாக இருக்கிறது. மருத்துவர்கள் இத்தகையோருக்கு இதைத் தேர்ந்தெடுப்பதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

என் பெரிய குறை லேபிளைப் பற்றியது. நான் வாங்கிய புட்டியின் பெட்டியில் ‘நானோ’ என்று இருந்ததே தவிர, துளியின் அளவு எத்தனை நானோமீட்டர் என்ற குறிப்பு எங்கும் இல்லை. துளிகளைத் தாங்கும் எண்ணெய் எது என்பதும் இல்லை. இந்த இரண்டாவது தகவல் சிறியதாகத் தோன்றலாம். உண்மையில் அது மிக முக்கியம். சோள எண்ணெய், மீன் எண்ணெய் போன்ற நீண்ட சங்கிலிக் கொழுப்பு உள்ள எண்ணெய்களில் கரைத்த டி3, செரிமானத்துக்குப் பின் உறிஞ்சப்படத் தயாரான நிலைக்கு அதிகம் வருகிறது என்றும், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பிலும் செரிக்காத கனிம எண்ணெயிலும் கரைத்தால் குறைவாகவே வருகிறது என்றும் ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதாவது, துளி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் எண்ணெய் பொருந்தாவிட்டால் முயற்சியில் பாதி வீணாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில், உணவுப் பொருளில் செயற்கையாக நானோ அளவில் ஆக்கப்பட்ட மூலப்பொருள் இருந்தால், பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் ‘நானோ’ என்று அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்ற விதி 2014 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் வெளியிட்டது. வாங்குபவர் கையில் இருக்கும் பெட்டியிலும் அந்த அக்கறை தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன். துளியின் சராசரி அளவும், தாங்கும் எண்ணெயின் பெயரும், மனிதரில் சோதிக்கப்பட்டதா என்ற ஒரு வரியும் போதும்.

‘நானோ’ என்றாலே துகள்கள் இரத்தத்தில் புகுந்து மூளைவரை போய்விடுமோ என்று அஞ்சுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த அச்சத்தைப் புறந்தள்ளிவிடக் கூடாது. ஆனால் பொருளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கரையாமலும் செரிக்காமலும் உடலில் தங்கக்கூடிய கனிமத் துகள்கள் ஒரு வகை. வெண்மைக்காகச் சேர்க்கப்பட்ட டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் உணவிலிருந்து விலக்கியது இத்தகைய கவலையால்தான். எண்ணெய்த் துளிகள் வேறு வகை: சமையல் எண்ணெயைப் போலவே அவையும் குடலில் நொதிகளால் உடைக்கப்பட்டுத் தம் உருவத்தை இழந்துவிடுகின்றன. செரிக்கக்கூடிய எண்ணெயால் ஆன பால்மம் என்ற அளவில் எனக்கு இதில் பெரிய அச்சம் இல்லை. எந்த எண்ணெய் என்று லேபிள் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையான ஆபத்து அளவில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் டி 600 யூனிட். ஒரு புட்டியில் இருப்பதோ அதைப் போல நூறு மடங்கு. இது ஒரு நாளுக்கான மருந்து அன்று. குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒன்று என்ற கணக்கில் பொதுவாக எட்டு வாரம் தரப்பட்டு, பிறகு மருத்துவரின் முடிவுப்படி மாதம் ஒன்றாகக் குறைக்கப்படுவது. இனிப்பான சிறிய புட்டி, மருந்து என்ற எண்ணத்தையே மறக்கச் செய்துவிடும். சீட்டில் ‘வாரம் ஒன்று’ என்று எழுதியதைத் ‘தினம் ஒன்று’ என்று படித்துவிட்டால், இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து, அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றி, சிறுநீரகம் பழுதடையும் நிலைகூட வரலாம். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடுவதால், மருந்தை நிறுத்திய பிறகும் விளைவு வாரக்கணக்கில் நீடிக்கும். நன்றாக உறிஞ்சப்படும் வடிவம் என்று உற்பத்தியாளர் பெருமையாகச் சொல்வது உண்மையானால், தவறான அளவின் தீங்கும் அதே வேகத்தில் வரும் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். ‘வாரத்துக்கு ஒன்று மட்டும்’ என்ற எச்சரிக்கை, பெட்டியின் மேல் மட்டும் அல்லாமல் ஒவ்வொரு புட்டியிலும், தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் அச்சிடப்பட வேண்டும். எங்கள் வீட்டில் நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு வைத்தோம். பெட்டியைத் தாயாரின் அன்றாட மாத்திரைகளோடு சேர்த்து வைக்கவில்லை.

பெரிய அளவை ஒரே வேளையில் தருவதைப் பற்றியும் மருத்துவ உலகின் கருத்து மாறிவருகிறது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் கொடுத்த ஆய்வு 2010-ல் வெளிவந்தபோது, மருந்து பெற்றவர்களிடம் கீழே விழுதலும் எலும்பு முறிவும் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், 50 வயதைக் கடந்தவர்களுக்கு வைட்டமின் டி தர வேண்டியிருந்தால் இடைவெளி விட்டுப் பெரிய அளவாகத் தருவதைவிட நாள்தோறும் சிறிய அளவாகத் தருவதை விரும்புகின்றன. வாராந்திர 60,000 யூனிட் அந்த ஆண்டு மருந்தைப் போன்றது அன்று; குறைபாட்டைச் சரிசெய்யும் குறுகிய காலத்துக்கு அது இன்னும் வழக்கில் இருக்கிறது. ஆனால் குறைபாடு நீங்கிய பிறகும் இதே புட்டியைப் பழக்கமாகத் தொடர்வதற்கு நான் ஆதரவில்லை.

வைத்துப் பாதுகாப்பது எளிது. வைட்டமின் டி ஒளியாலும் காற்றாலும் சிதையக்கூடியது. ஒருவேளைப் புட்டியாக அடைத்து முத்திரையிட்டிருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. சித்திரை வெயிலில் சன்னலோரம் வைக்காமல் அலமாரியின் உள்ளே வைத்தால் போதும். உறைநிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்து உருகினால் துளிகள் ஒன்றுசேர்ந்துவிடலாம். திரவத்தின் மேல் எண்ணெய் படிந்து தெரிந்தால் கடையில் மாற்றிக்கொள்வதே சரி.

இதே ‘நானோ’, ‘லிப்போசோம்’ (நுண்ணிய கொழுப்புக் கூட்டில் அடைத்தது) அடைமொழிகளோடு வைட்டமின் சி, பி12 ஆகியவையும் விற்கப்படுவதால் அவற்றைப் பற்றியும் ஒரு சொல். அவை நீரில் கரைபவை. டி3-க்கு உள்ள தடை அவற்றுக்கு இல்லை. வைட்டமின் சி-யில் 200 மில்லிகிராம்வரை ஏறக்குறைய முழுவதும் சாதாரணமாகவே உறிஞ்சப்படுகிறது. அதற்கு மேல் போனால்தான் விகிதம் குறைகிறது, அவ்வளவு தேவைப்படுபவர்களும் மிகச் சிலரே. பி12-ல் 1,000 மைக்ரோகிராம் கொண்ட மலிவான மாத்திரையிலிருந்து ஒரு சதவீதம் மட்டுமே தானாகக் கசிந்து உள்ளே சென்றாலும், அது ஒரு நாளின் தேவையைவிட அதிகம். இவ்விரண்டுக்கும் நானோ விலை கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

விலையைப் பொறுத்தவரை, எங்கள் பகுதிக் கடையில் நானோ திரவம் சாதாரண கேப்சூலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்குக் கிடைத்தது. கொழுப்புச் செரிமானத்தில் குறை உள்ளவர்களுக்கும், மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கும் அந்தக் கூடுதல் தொகை தகும். அவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் கேப்சூலைக் கேட்டு வாங்கி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். எந்த வடிவமானாலும், எட்டு வாரப் புட்டிகள் முடிந்தவுடன் அடுத்த பெட்டியை வாங்கிவிடாமல், தொடங்கியதிலிருந்து மூன்று மாத அளவில் இரத்தத்தில் வைட்டமின் டி நிலையைக் காட்டும் ‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’ பரிசோதனையைச் செய்துகொண்டு, அந்த அறிக்கையை மருத்துவரிடம் காட்டிய பிறகே மேலே தொடர வேண்டும். கணைய, கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதோடு கால்சியம் அளவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.